எடுக்காத தட்டு

...பாக்கலாம்ப்பா என்றுதான் சொன்னாள், வரமாட்டேன் என்று சொல்லவில்லையே, அந்த ஒரு சொல்லை ஒரு வாரமாக வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறார் மனுஷர், இன்னும் விழுங்கின பாடில்லை, பாக்கலாம் என்றால் வருவாள் என்றும் வைத்துக்கொள்ளலாம், வரமாட்டாள் என்றும் வைத்துக்கொள்ளலாம், வாசலில் வந்து நின்ற இன்ஷூரன்ஸ்காரரிடம் இவரே எத்தனை தடவை சொல்லியிருக்கிறார், பாக்கலாம் சார், அடுத்த மாசம் பாக்கலாம் என்று, அடுத்த மாசம் அந்த ஆள் வந்து மணியடித்தபோது மூச்சுக் காட்டாமல் உள்ளே உட்கார்ந்திருக்கவில்லையா... அப்படியென்றால் அவளும்... சே, பெற்ற அப்பனும் இன்ஷூரன்ஸ்காரரும் ஒன்றா, புத்தி போகிற போக்கைப் பார், முதலில் கிளாஸைத் துடை. வெந்நீர்ப் பாத்திரத்துக்கு மேலே கிளாஸைக் கவிழ்த்துப் பிடித்தார், ஆவி ஏறிக் கண்ணாடி மங்கியது, துணியை உள்ளே விட்டு ஒரு சுற்று, வெளியே ஒரு சுற்று, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், விரல் ரேகை இல்லை, சோப்புத் திட்டு இல்லை, இந்த ஒரு வேலையில் மட்டும் இந்தப் பயிற்சி நிலையத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, காலமெல்லாம் சோதனைக்குழாய் கழுவின கை அல்லவா. கிளாஸை மேஜையில் கத்தி முனைக்கு நேரே வைத்தார், ஒரு அடி பின்னால் போய்ப் பார்த்தார், மறுபடி வந்து அரை விரல் தள்ளி வைத்தார். ஒரே ஒரு ஆள் உட்காருகிற மேஜை. அந்த ஒரு ஆள் வருவாளா மாட்டாளா என்பதுதான் இன்றைய பரீட்சை, மற்றவர்களுக்கு வேறு பரீட்சை, அது அவர்கள் பாடு.

இதெல்லாம் எதனால் வந்தது, வேதியியல் வகுப்பில் பிள்ளைகள் குறைந்ததால் வந்தது, முன் பெஞ்சில் நாலு தலை, பின் பெஞ்சில் தூசி, இந்த லட்சணத்தில் இன்னொரு பக்கம் மேல்வகுப்புகளுக்கு விருந்தோம்பலை ஒரு தொழிற்பாடமாகக் கொண்டுவந்துவிட்டார்கள், பாடம் வந்துவிட்டது, சொல்லிக்கொடுக்க வாத்தியார் இல்லை, ஆகவே வேலை குறைந்துபோன வாத்தியார்களைப் பிடித்து ஏப்ரனைக் கட்டிவிடு என்று ஓர் உத்தரவு. தலைமையாசிரியர் கூப்பிட்டு உட்காரவைத்து, சார், ஒண்ணு இந்தப் பயிற்சிக்குப் போங்க, இல்ல விருப்ப ஓய்வு வாங்கிட்டு நிம்மதியா இருங்க என்றார், நிம்மதியாம், அந்த வீட்டில் நிம்மதிக்கு என்ன குறைச்சல், நாள் முழுக்கக் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கலாம். ஓய்வு என்றுதான் சொல்ல வாயெடுத்தார். பயிற்சி எந்த ஊரில் சார் என்று பேச்சுக்குக் கேட்டார். தலைமையாசிரியர் ஊரைச் சொன்னதும், சரி, போறேன் என்று சொன்னது இவர்தானா, இவருக்குள்ளிருந்து வேறு யாராவதா... அந்த ஊரில்தான் மகள் இருக்கிறாள், அம்மாவோடு, ஒரு வங்கியில் வேலை, கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்டுக்கொண்டு போகிற அளவுக்குப் பெரிய மனுஷி. இது தலைமையாசிரியருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால், என்ன சார் இந்த வயசுல இவ்ளோ ஆர்வம் என்று மேஜையைத் தட்டிப் பாராட்டியிருக்கமாட்டார்.

இங்கே யாருக்கும் பெயர் கிடையாது, வந்த முதல் நாளே பாடத்தின் பெயரால் கூப்பிட ஆரம்பித்து அதுவே ஒட்டிக்கொண்டுவிட்டது, கணக்கு, பொருளாதாரம், கெமிஸ்ட்ரி என்று, இவர் கெமிஸ்ட்ரி, இப்போது இவரே போனை எடுத்தால் கெமிஸ்ட்ரி பேசறேன் என்று சொல்லிவிடுகிறார். முதல் மாசம் அடித்த கூத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. விருந்தினராக நடிக்க உட்கார்ந்தவர் தண்ணீருக்காகக் கையைத் தூக்கினார், கணக்கு என்ன செய்தார், சந்தேகமெல்லாம் கடைசியில என்று சைகை காட்டிக் கையமர்த்திவிட்டார். பொருளாதார டீச்சர் சூப்பைக் கொண்டுவந்து மேஜை முன்னால் நிமிர்ந்து நின்று, எல்லாரும் பேச்சை நிறுத்துகிறவரைக்கும் ஒவ்வொரு முகமாக முறைத்துப் பார்த்தார், பேச்சு நின்றது, சூப் ஆறியது. இவர் மட்டும் என்ன யோக்கியம், சாப்பிட என்ன வேணும் சார் என்று கேட்டார், எதிரே உட்கார்ந்திருந்தவர் மீன் என்றார், இவர் கணீரென்று கரெக்ட் என்றார். கொல்லென்று சிரித்தார்கள், இவருக்கு அசடு வழிந்தது, ஆனால் பயிற்சி கொடுக்கிற மேடம் சிரிக்கவில்லை. பெரிய ஹோட்டல்களில் காலம் தள்ளியவர், நடந்து வருகிற சத்தமே கேட்காது, திரும்பினால் தோளுக்குப் பக்கத்தில் நிற்பார், அதனால் வாத்தியார்கள் தங்களுக்குள் வைத்த பெயர் பூனை மேடம். அன்று பூனை மேடம் இவர் பக்கத்தில் வந்து, மற்றவர்கள் காதில் விழாமல் சொன்னார், சார், நீங்க கேள்வி கேக்கும்போதே பதிலைப் பாக்கெட்ல வெச்சிருக்கீங்க, உக்காந்திருக்கிறவங்களுக்கு அது தெரிஞ்சுடும், பதில் தெரியாத கேள்வியைக் கேளுங்க சார், கேட்டுட்டு சும்மா நில்லுங்க. சும்மா நில்லுங்க! ஆயுசு முழுக்க நின்றுகொண்டேதான் வேலை பார்த்தார், சும்மா நின்றதில்லை.

ஃபோர்க் இடப்பக்கம், கத்தி வலப்பக்கம், விளிம்பிலிருந்து கட்டைவிரல் கணு அளவு உள்ளே, இனிப்புக்கான சின்ன ஸ்பூனும் சின்ன ஃபோர்க்கும் தட்டுக்குத் தலைமாட்டில்... நாப்கினை எப்படி மடித்தாலும் அது குப்புற விழுகிறது, விசிறி மடிப்பு வேண்டாம், சாதா மடிப்பே போதும், அவளுக்கு அலங்காரம் பிடிக்காது... பிடிக்காதா? பத்து வயதில் பிடிக்காது, இப்போது யார் கண்டது. பயிற்சி முடிகிற நாளில் ஒவ்வொருவரும் வெளியாள் ஒருவரை அழைத்து வரவேண்டும், உறவோ சிநேகிதமோ யாரானாலும் சரி, அவருக்கு ஒரு வேளைச் சாப்பாடு முழுசாகப் பரிமாறவேண்டும், மேடம் சுற்றிச் சுற்றி வந்து பார்த்து மார்க் போடுவார், இதுதான் ஏற்பாடு. மேடம் சொன்ன நிமிஷமே கணக்கு, என் வீட்டுக்காரி வருவா, இத்தனை வருஷம் அவ போட்டு நான் சாப்பிட்டேன், ஒரு நாள் மாறட்டுமே என்றார். பொருளாதார டீச்சருக்கு அண்ணன். இவருக்கு? எல்லாரும் திரும்பிப் பார்த்தபோது, ஆள் இருக்கு, ஆள் இருக்கு என்று இரண்டு தரம் சொன்னார், எதற்கு இரண்டு தரம், ஒரு தரம் சொன்னால் போதாதா, இல்லாதவன்தான் இரண்டு தரம் சொல்வான். அன்று சாயங்காலம் விடுதி நடையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தார், சொல்லவேண்டியதை வகுப்புக்குத் தயார் பண்ணுவதுபோலத் தயார் பண்ணிக்கொண்டார், அவள் எடுத்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

என்ன பேசினார் அன்றைக்கு, அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. வந்து சாப்பிடு கண்ணு, ஒரு நாள் வா, இவ்வளவுதான் சொல்லவேண்டியது, அதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாம், அவள் அந்தப் பக்கம் ஒன்றும் பேசாமல் இருந்த அந்தச் சின்ன இடைவெளியைத் தாங்கமுடியாமல் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார், அதாவது பார், தட்டிலே ஒரு சங்கேதம் இருக்கு, சாப்பிட்டு முடிச்சாச்சுன்னா ஸ்பூனையும் ஃபோர்க்கையும் ஒண்ணா சேர்த்து வெக்கணும், இன்னும் முடிக்கலைன்னா பிரிச்சு வெக்கணும், பிரிச்சு வெச்சிருந்தா பரிமாறறவன் தட்டைத் தொடவே கூடாது, வாய் திறந்து சொல்லாமலே விஷயம் போய்ச் சேர்ந்துடும், புரியுதா... புரியுதா வேறு! அவள், அப்பா, நான் சாப்பிட வரணுமா, கிளாஸுக்கு வரணுமா என்றாள். சிரித்துக்கொண்டு கேட்டாளா, சலித்துக்கொண்டு கேட்டாளா, போனில் எப்படித் தெரியும், ஒரு மூச்சு கேட்டது, அது சிரிப்பாகவும் இருக்கலாம், பெருமூச்சாகவும் இருக்கலாம், அப்புறம்தான் அந்தப் பாக்கலாம்ப்பா, லஞ்ச் டைம்ல வெளிய விடுவாங்களான்னு பாக்கறேன்.

சாப்பாட்டு மேஜை என்றாலே அவளுக்கு அப்படித்தான் தோன்றும், வேறு எப்படித் தோன்றும். அந்த வீட்டில், மூன்று பேரும் ஒரே கூரையின்கீழ் இருந்த அந்த வீட்டில், ராத்திரிச் சாப்பாடு என்பது சாப்பாடா, வாய்மொழித் தேர்வு. தயிர் ஏன் புளிக்குது, சொல்லு. வெட்டி வெச்ச ஆப்பிள் ஏன் கறுத்துப்போச்சு, சொல்லு. உப்பு எதும் எதும் சேர்ந்தது. முதலில் அவளுக்கும் குஷியாகத்தான் இருந்தது, நாற்காலியில் முட்டி போட்டு ஏறி நின்று பதில் சொல்வாள், இவர் கரெக்ட் என்று கையைத் தட்டுவார், எப்போது அது மாறியது, எந்த நாள், எந்தக் கேள்வி, மண்டையை உடைத்துக்கொண்டாலும் பிடிபடவில்லை, ஒரு கட்டத்துக்குமேல் அவள் எல்லாவற்றுக்கும் தெரியாது என்று சொல்ல ஆரம்பித்தாள். தெரிந்த கேள்விக்கும் தெரியாது. ஸ்கூல்ல இன்னைக்கு என்ன நடந்தது என்றால், தெரியாது. தட்டைப் பார்த்துக்கொண்டு, மெல்லிய குரலில், தெரியாது. படிப்பில் கவனம் போயிடுச்சு, நீதான் செல்லம் கொடுத்துக் கெடுத்துட்ட என்று மனைவியிடம் எகிறினார், மனைவி இவரை ஒரு பார்வை பார்த்தாள், அதிகம் பேசுகிறவள் இல்லை அவள், ஒரு நாள் பெட்டியைக் கட்டியபோதும் அதிகம் பேசவில்லை. இந்த வீட்ல மூச்சு விடறதுக்கும் மார்க் போடறீங்க என்று மட்டும் சொன்னாள். அதற்கும் இவர் ஏதோ பதில் சொன்னார், நல்ல பதில், வாயடைக்கிற பதில், என்ன பதில் என்று மறந்துவிட்டது. மகள் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு அம்மா பின்னால் போனாள். அப்பா, டாட்டா என்று வாசலில் திரும்பிச் சொன்னாள், அதுகூடச் சொல்லாமல் போயிருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அதற்கப்புறம் இவருக்கு ஏது மேஜை, அடுப்படியில் நின்றபடியே வாணலியிலிருந்து எடுத்துச் சாப்பிட்டுவிட்டு வாணலியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார், தட்டுக் கழுவுகிற வேலை மிச்சம். அந்த வீட்டுக்கு விருந்தாளி என்று ஒரு ஆள் வந்து எத்தனை காலமாயிற்று, மீட்டர் பார்க்க வருகிறவர்தான் வருவார், அவரும் உள்ளே வரமாட்டார். இந்த ஆளைத்தான் விருந்தோம்பல் சொல்லிக்கொடுக்க அனுப்புகிறார்கள், கேட்டால் யாராவது நம்புவார்களா. போன மாசம் ஒரு மாலை, விடுதி அறையில் படிக்கிற மேஜைமேல் துண்டை விரித்து, ஸ்பூனையும் டம்ளரையும் வைத்து, எதிரே காலி நாற்காலியைப் போட்டு, வாங்க, உக்காருங்க, என்ன சாப்பிடறீங்க என்று சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார், சொல்லச் சொல்லக் குரல் கொஞ்சம் நெகிழ்ந்துதான் போயிற்று, நாற்காலியை இழுத்துக்கூட விட்டார், அறைக்கூட்டாளி கணக்கு கதவைத் திறந்துகொண்டு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார், கெமிஸ்ட்ரி, யாரு வந்திருக்கா என்று கேட்டார், வேண்டுமென்று கேட்கவில்லை, உண்மையிலேயே கட்டில் பக்கமெல்லாம் தேடினார். இவர் திருதிருவென்று விழித்தார். யாரும் இல்ல, சும்மா என்றார். கணக்கு நல்ல மனுஷர், ஒன்றும் கிண்டல் பண்ணாமல் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார், அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

இந்த ஊருக்கு வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைப் பார்த்தார், பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு காப்பிக் கடையில், இரண்டு பேரும் வேலை விஷயமாகச் சந்திக்கிறவர்கள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். வேலை எப்படிப் போகுது. போகுதுப்பா. அம்மா நல்லா இருக்காங்களா. நல்லா இருக்காங்க. அப்புறம்? அப்புறம் ஒன்றும் இல்லை, காப்பியில் ஆடை படிகிறதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஏன் ஆடை படிகிறது என்று இவருக்குத் தெரியும், சொல்லத் துடித்தது நாக்கு, சொல்லவில்லை, அந்த மட்டும் புத்தி வந்திருந்தது. கிளம்பும்போது, உடம்பைப் பாத்துக்கங்கப்பா என்றாள், அதை அவள் வங்கிக் காவலாளியிடமும் சொல்வாள், எல்லாரிடமும் சொல்வாள், இருந்தாலும் இவர் அதை அறைவரைக்கும் பத்திரமாகக் கொண்டுபோனார்.

இதோ, வர ஆரம்பித்துவிட்டார்கள். கதவு திறந்து திறந்து மூடுகிறது, ஒவ்வொரு தடவையும் தலை தானாகத் திரும்புகிறது, கணக்கு வீட்டம்மா வந்துவிட்டார், புதுச் சேலை, கணவர் நாற்காலியை இழுத்துவிட்டதும் உட்காரத் தெரியாமல் நின்று, ஐயோ நீங்க விடுங்க, நான் இழுத்துக்கறேன் என்று கணவர் கையைப் பிடித்துக்கொண்டார், மேடமே சிரித்துவிட்டார். பொருளாதார டீச்சரின் அண்ணன் வந்த கையோடு சூப்பைப் பற்றிக் குறை சொல்ல ஆரம்பித்தாயிற்று. இவர் மேஜை பக்கத்தில் நின்றார், முதுகை நிமிர்த்தி, துணியை முன்கையில் போட்டுக்கொண்டு, கறுப்பு அங்கிக்கு உள்ளே பள்ளிக்கூடத்துச் சட்டை, அதன் பாக்கெட்டில் சிவப்பு மை கசிந்த கறை, எத்தனை துவைத்தும் போகாது. கதவைப் பார்க்காதே, பார்த்தால் வரமாட்டாள், கிளாஸைப் பார், பூவைப் பார்... மற்ற மேஜைகளில் சூப் முடிந்து தட்டுகள் போய்க்கொண்டிருந்தன. வங்கியில் கூட்டமாக இருக்கும், மாசக் கடைசி, விட்டிருக்கமாட்டார்கள், அல்லது விட்டிருப்பார்கள், அம்மாவிடம் கேட்டிருப்பாள், அம்மா ஒன்றும் சொல்லியிருக்கமாட்டாள், அந்த ஒன்றும் சொல்லாததே போதுமே, அல்லது அதெல்லாம் ஒன்றுமில்லை, மறந்திருப்பாள், மறப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம்... தோள் பக்கத்தில் சத்தமில்லாமல் மேடம். சார், கெஸ்ட் வரலைன்னா பரவால்ல, நான் உக்காந்துக்கறேன், எனக்குப் பரிமாறுங்க, மார்க்கு ஒண்ணும் போயிடாது. மார்க்கா, மார்க்கை யார் கேட்டார்கள் இங்கே, இன்னும் கொஞ்ச நேரம் மேடம் என்றார், அது கெஞ்சல்போல வந்துவிட்டது. மேடம் கடிகாரத்தைப் பார்த்தார், நாற்காலியின் முதுகில் கையை வைத்தார்.

சாரிப்பா, லேட்டாயிடுச்சு. நிமிர்ந்து பார்த்தால் அவள்தான், மூச்சு வாங்க, அடையாள அட்டை ஒரு பக்கமாகப் புரண்டு தொங்க, நெற்றியில் வியர்வை, மேடம் இருந்த இடத்தில் இல்லை, எப்போது நகர்ந்தாரோ. இவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, வா கண்ணு என்று வாய்வரைக்கும் வந்ததை மடக்கி, வணக்கம், வாங்க மேடம் என்றார். அதுதான் விதி, பரிமாறுகிறவர் உறவைக் காட்டக்கூடாது, உட்காரக்கூடாது. அவள் ஒரு நொடி திகைத்தாள், அப்புறம் முகத்தில் ஏதோ ஒன்று விளையாட்டாக ஓடியது, சின்ன வயதில் நாற்காலியில் முட்டி போட்டு ஏறுவதற்கு முன்னால் வருமே அது, வணக்கம் சார் என்றாள். நாற்காலியை இழுத்தார், அவள் உட்காருகிற நேரத்துக்குச் சரியாக முன்னால் தள்ளினார், தலைமுடி வாசனை, வேறு ஏதோ எண்ணெய், எந்த எண்ணெய் என்று தெரியவில்லை. சூப் வைத்தார். சிந்தவில்லை. குனிந்து சாப்பிடுகிறாள், காதோரம் ஒரு நரை, அட, இவளுக்கா, இந்த வயதிலா, இவர் குடும்பத்து நரை அது, இவருக்கும் அதே இடத்தில்தான் முதலில் வந்தது. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பேசவேண்டியிருந்தால் ஓடியிருப்பார், நின்றுகொண்டு பக்கவாட்டில் பார்க்கக் கிடைத்ததே, இதைப் போல ஒரு வசதி உண்டா.

மீன் இருக்கு, காய்கறி இருக்கு, எது கொண்டுவரட்டும் மேடம்? கேட்டுவிட்டுச் சும்மா நின்றார். பதில் இவருக்குத் தெரியும், காய்கறிதான், மீன் வாடை வந்தாலே மூக்கைப் பொத்திக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடுகிற பிள்ளை. மீன் என்றாள். நீ மீன் சாப்பிடமாட்டியே என்று கிளம்பிய நாக்கைக் கடித்துக்கொண்டார், எப்போதிலிருந்து, யார் பழக்கினது, எந்த ஊரில், எந்தச் சிநேகிதி வீட்டில், இவர் இல்லாத எத்தனை சாப்பாட்டு வேளைகள் நடந்துமுடிந்திருக்கின்றன... கரெக்ட் என்றும் சொல்லவில்லை, சரிங்க மேடம் என்றார், போய் எடுத்துக்கொண்டு வந்தார், இடப்பக்கமிருந்து பரிமாறினார், எலுமிச்சைத் துண்டைத் தட்டு ஓரத்தில் வைத்தார். அவள் அந்தத் துண்டை விரலால் தொட்டுப் பார்த்தாள், நிமிர்ந்து, சார், மீனுக்கு எலுமிச்சம்பழம் எதுக்குப் பிழியறாங்க என்று கேட்டாள்.

தெரியும், கரும்பலகை நிறைய எழுதுகிற அளவுக்குத் தெரியும், அந்த வாடை எதனால் வருகிறது, புளிப்பு அதை எப்படிப் பிடித்துக் கட்டிப்போடுகிறது, எல்லாம் வரிசையாக நெஞ்சில் வந்து நின்றன, பழைய மேஜையின் கேள்வி இது, இவர் கேட்கவேண்டியதை அவள் கேட்கிறாள், எதற்குக் கேட்கிறாள், கிண்டலா, சோதிக்கிறாளா, பாடம் நடத்துகிறாரா பார்க்கலாம் என்று தூண்டில் போடுகிறாளா... பக்கத்து மேஜையருகே மேடம் நிற்கிறார். அளந்து பேசு, விருந்தினருக்குத் தேவையானதை மட்டும் சொல். வாடை போறதுக்கு மேடம் என்றார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், ஃபோர்க்கில் குத்திய மீன் துண்டு பாதி வழியில் நின்றது, அவ்வளவுதானா? அவ்வளவுதான் மேடம். ஓ என்று சொல்லிவிட்டுக் குனிந்து சாப்பிட ஆரம்பித்தாள், அந்த ஓவில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்ததோ, இருந்தது, இல்லை, இவருடைய கற்பனை, ஐயோ, சொல்லியிருக்கலாமோ, அவள் உண்மையாகவே கேட்டிருந்தால்? ஒரு பிள்ளை தானாக வந்து கேட்ட ஒரே ஒரு நாளில் வாயை மூடிக்கொண்டு நின்றுவிட்டோமே, இத்தனை காலம் கேட்காதபோதெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு... மீனை முழுசாகச் சாப்பிட்டாள். கத்தியையும் ஃபோர்க்கையும் ஒன்றாகச் சேர்த்து, நேராக, தட்டின் நடுவில் வைத்தாள். வலப்பக்கமிருந்து தட்டை எடுத்தார். ஞாபகம் வைத்திருக்கிறாள் என்று காது மடல்வரைக்கும் சூடு ஏறியது, உடனே இன்னொரு குரல், எல்லாரும்தான் அப்படி வைப்பார்கள், வங்கிக்காரர்கள் விருந்துக்குப் போகாதவர்களா, ரொம்பப் பறக்காதே.

இனிப்பு வைத்தார், முட்டைப் புட்டிங், மேலே கருக்கின சர்க்கரை, இவரே காலையில் கருக்கினது, இந்த மட்டில் வேதியியல் கைகொடுத்தது. ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தாள், கண்ணை மூடித் திறந்தாள், நீங்க செஞ்சதா? ஆமா மேடம். நல்லா இருக்குப்பா. சார் என்பது அப்பாவாகிவிட்டது, அவள் கவனிக்கவில்லை, இவர் மட்டும் கவனித்தார். இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு வாய், பாதி ஆயிற்று, இப்போது கேட்கலாம், பதில் தெரியாத கேள்வி ஒன்று, எத்தனை கிடக்கின்றன, மீன் எப்பயிலிருந்து பிடிக்கும், ராத்திரி நல்லாத் தூங்கறியா, என்மேல கோபமா, எது முதலில், எதைக் கேட்டால் அவள் தட்டைப் பார்த்துக் குனியமாட்டாள்... வாயைத் திறந்தார், மேஜைமேல் அவள் போன் அதிர்ந்தது. எடுத்தாள், மேனேஜர் போலிருக்கிறது, வந்துட்டேன் சார், அஞ்சே நிமிஷம் என்றபடி எழுந்துவிட்டாள், பையை மாட்டினாள், நாற்காலியைப் பின்னால் இழுக்க இவர் விரைவதற்குள் அவளே இழுத்துக்கொண்டாள், வரேன்ப்பா என்றாள், ஒரு கை இவர் முன்கையில் கிடந்த துணியின்மேல் பட்டுவிட்டுப் போயிற்று, கை இவரைத் தொட்டதா, துணியை மட்டும் தொட்டதா, கதவு ஆடி ஆடி நின்றது.

எல்லா மேஜைகளிலும் எடுத்து அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள், கணக்கு தட்டுகளைக் கூட்டிச் சேர்த்துக்கொண்டு போகிறார், அவர் வீட்டம்மா பழக்கதோஷத்தில் இரண்டு கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போகிறார். இவரும் ட்ரேயை எடுத்துக்கொண்டு வலப்பக்கமாக வந்து கையை நீட்டினார், நீட்டின கை அப்படியே நின்றது. பாதிப் புட்டிங். ஸ்பூன் தட்டின் வலது ஓரத்தில், ஃபோர்க் இடது ஓரத்தில். நன்றாகப் பிரித்து, அகல வைத்திருந்தது. அவசரத்தில் போட்டுவிட்டுப் போயிருப்பாள், போன் வந்தால் கையில் இருப்பதை எங்கே வைக்கிறோம் என்று யார் பார்க்கிறார்கள், ஆனால் அந்த ஃபோர்க்கை அவள் தொடவே இல்லையே, ஸ்பூனால் மட்டும்தானே சாப்பிட்டாள், தலைமாட்டில் கிடந்த ஃபோர்க் தட்டுக்கு எப்படி வந்தது, எப்போது எடுத்து வைத்தாள், இவர் நாற்காலியிடம் பாய்ந்தபோதா, போனைக் காதில் வைத்திருந்தபோதா... அல்லது நடுவில் எப்போதோ எடுத்துக் குத்திப் பார்த்திருப்பாளோ, இவர்தான் அந்த நேரம் காதோர நரையைப் பார்த்துக்கொண்டு நின்றாரோ.

கெஸ்ட் போயாச்சே சார், எடுக்கலையா? மேடம்தான். இன்னும் முடியல மேடம் என்றார். மேடம் தட்டைப் பார்த்தார், ஸ்பூனைப் பார்த்தார், ஃபோர்க்கைப் பார்த்தார், அப்புறம் இவர் முகத்தை. பொண்ணா சார்? ஆமா மேடம். தெரிஞ்சு வெச்சாங்களா, அவசரத்துல வெச்சாங்களா? அவர் கேட்டதில் கிண்டல் இல்லை, பதிலைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு கேட்ட மாதிரியும் இல்லை, கேட்டுவிட்டுச் சும்மா நின்றார். தெரியாது என்றார் இவர். மெல்லிய குரலில், தட்டைப் பார்த்துக்கொண்டு. சொன்னபிறகுதான் அந்தச் சொல் காதில் விழுந்தது, வகுப்பறையில் ஒரு நாளும் இவர் வாயிலிருந்து வராத சொல், எதிர் நாற்காலியிலிருந்து இவருக்கு நேராக எத்தனையோ ராத்திரி வந்த சொல், அப்போதெல்லாம் அதைத் தப்பான பதில் என்றுதானே எடுத்துக்கொண்டார், இப்போது இவர் சொன்னது தப்பான பதிலா, அப்படியென்றால் அவள் அன்றைக்கெல்லாம் சொன்னது... மேடம் சரி, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார். உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கத் தொடங்கியது. இவர் ட்ரேயைக் கீழே வைத்துவிட்டு, துணியை முன்கையில் சரிசெய்துகொண்டு, தட்டுக்கு வலப்பக்கம் நின்றார்.